மாமாவின் பெயர்

இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதம் நாங்கள் டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்தோம். வன்னியில் அகப்பட்டிருந்த என் தம்பி ஷெல் விழுந்து இறந்துபோனான் என்று லண்டனிலிருந்து மச்சான் தொலைபேசியில் சொன்னார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, மகளுக்குக் கேட்காதபடி தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஊர்ச் சண்டையின் சங்கதி எதுவும் அவளுக்குத் தெரியவேண்டாம், அவள் நிம்மதியாகப் படிக்கட்டும் என்றுதான் அவளை வளர்த்திருந்தோம்.

கீழ்வீட்டில் ஒரு சோமாலியக் குடும்பம். அந்தப் பெண் என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். நான் வேலைக்குப் போகாத காரணத்தைக் கேள்விப்பட்டு, அன்று பின்னேரமே சோற்றுச் சட்டியோடும் மகளோடும் வந்துவிட்டாள்.

"பிள்ளையை ஏன் செத்தவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று டேனிஷில் கேட்டேன்.

"பிள்ளையளும் வந்து இருக்கவேணும். இல்லாட்டி தங்கட ஆக்கள் ஆரெண்டு அதுகளுக்கு எப்பிடித் தெரியும்?"

என் மகள் அறை வாசலில் நின்றாள். அப்போதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. இருவரும் ஒரே வகுப்பு. சோமாலியப் பிள்ளை அவளுக்குப் பக்கத்தில் போய், தன் மாமாவும் சண்டையில்தான் இறந்தார் என்று சொல்லி அவர் பெயரையும், அவருடைய தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று மேலே மேலே பெயர்களையும் தடங்கலில்லாமல் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"உன்ர மாமான்ர பேர் என்ன?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"தெரியாது. அம்மா சொல்லேல்லை," என்றாள் டேனிஷில்.

எனக்கு உடம்பு கூசிப்போனது. என் தம்பியின் பெயரை நான் சொன்னேன். மகள் அதைத் திருப்பிச் சொன்னபோது டேனிஷ் நாக்கில் அது வேறு யாருடைய பெயரோ போல இருந்தது. வந்தவள் கோப்பைகளை எடுத்துச் சோறு போட்டாள்.

சோமாலியர்கள் சனிக்கிழமைகளில் குடியிருப்பின் பொது மண்டபத்தில் கூடி, பிள்ளைகளுக்குத் தங்கள் பாட்டும் கதையும் பரம்பரையும் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தச் சனிக்கிழமை என் மகளும் தோழியோடு போனாள். திரும்பி வந்தவள் தமிழில் கேட்டாள்:

"அம்மா, அப்பப்பான்ர அப்பான்ர பேர் என்ன?"

எனக்குத் தெரியாது. கணவருக்கும் தெரியவில்லை.

"அப்ப மாமாவைப் பற்றிச் சொல்லுங்கோ."

கோபம் வந்தால் அவனுக்கு வாய் கொன்னும், பேச வந்தது வராமல் காலால் நிலத்தை உதைப்பான் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அவன் செத்து எட்டாம் நாள் சடங்குகூடக் கழியவில்லை என்பது நினைவுக்கு வந்ததும், வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இன்னும் சொல்லுங்கோ," என்றாள் மகள்.