புலம்பல் பெட்டியின் இரண்டாவது வரி

கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் யாருக்காவது நினைவுக்கு வரும். காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு, மாடிப்படி இறங்கி, கணவரின் வண்டியில் ஏறப் போகும் நேரத்தில் அவளுக்குச் சந்தேகம் தட்டும். திரும்ப மேலே ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கணவர் வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார்.

"என்ன, பூட்டு சௌக்கியமா?" என்பார்.

அவள் அவர் முதுகில் ஒரு குத்து விட்டு ஏறிக்கொள்வாள்.

பயம் அவளுக்குக் கூடவே பிறந்தது. அடுப்பை அணைத்தபின் இரண்டு தடவை திருகிப் பார்ப்பாள். ஈரக் கையால் சுவிட்சைத் தொட மாட்டாள், ஈரத் தரையில் ஒயர் கிடந்தால் சுற்றிக்கொண்டு போவாள். இப்படிப்பட்டவள் போயும் போயும் கட்டிக்கொண்டது கான்கிரீட்டில் துளை போடுகிறவரை. குழாய் போக வேண்டிய இடங்களில் தளத்தை வட்டமாக அறுத்துக் கொடுப்பது அவர் தொழில். தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் புழங்கும் வேலை. சில கட்டடங்களில் தளத்துக்குள் எஃகுக் கம்பிகளை விறைப்பாக இழுத்து முடுக்கி வைத்திருப்பார்கள். எங்கேயோ ஒருவன் அப்படி ஒரு கம்பியைத் தெரியாமல் அறுத்துவிட, அது கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு பாய்ந்து வந்த கதையை ஒருநாள் சாப்பிட்டபடியே சொன்னார். அவள் பாதித் தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

அதனால்தான் அவர் வேலை பார்க்கும் கட்டடத்தின் வரைபட வேலை தன் அலுவலகத்துக்கு வந்தபோது அவளுக்கு உள்ளூர ஒரு தெம்பு. எங்கே துளை போடலாம், எங்கே கூடாது என்பதைக் காட்டும் தாள் இனி தன் கையிலிருந்தல்லவா போகும்.

கட்டடத்தின் கணினி மாடல் ஒரே ஃபைல் கிடையாது. சுவரும் கதவும் இவர்கள் வரைந்தது. தளத்துக்குள் முடுக்கி வைக்கும் உள்கம்பிகளை வரைந்தவர் வேறொரு பொறியாளர், குழாய்களை வரைந்தவர் இன்னொருவர். மற்றவர்களின் ஃபைல்கள் மாடலுக்குள் உட்கார்ந்திருக்காது. அவை எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்ற விலாசம் மட்டும்தான் உள்ளே இருக்கும். திறக்கும்போது மாடல் அந்த விலாசத்துக்குப் போய் ஆளைக் கூட்டி வரும். விலாசத்தில் ஆள் இல்லையென்றால் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, இந்த ஃபைலைக் காணோம், என்ன செய்யட்டும் என்று கேட்கும்.

இந்த அலுவலகத்தில் அந்தப் பெட்டி தினமும் வந்தது. முதலாளி எப்போதோ மாற்றிய பழைய லோகோவைக் காணோம் என்று வந்தது. அதைத் தேடி எடுக்கவும் ஆளில்லை, நீக்கவும் ஆளில்லை. புலம்பல் பெட்டி என்று பெயர் வைத்து, 'விட்டுவிடு' என்ற பட்டனை அழுத்திவிட்டு எல்லோரும் வேலையைப் பார்த்தார்கள். பூட்டக்காவும் அப்படித்தான். பெட்டி முழுதாக விரிவதற்குள் அவள் விரல் போய் அழுத்தியிருக்கும்.

மாடலைக் குழாய்ப் பொறியாளருக்கு அனுப்பினாள். அவர் வேறொரு மென்பொருளில் அதைத் திறந்து, குழாய்களை மட்டும் பார்த்துத் துளைகளைக் குறித்து, திருப்பி அனுப்பினார். இவள் திறந்தாள், பெட்டி வந்தது, அழுத்தினாள், அச்செடுத்தாள். சாயங்காலம் தாளை வாங்க வந்த கணவர் அதை மேஜையில் விரித்துப் பார்த்தார்.

"இந்தத் தடவை நல்லா சுத்தமா இருக்கு. கோடே கம்மி. கண்ணுக்கு இதமா இருக்கு போ."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை அடுத்த தளத்துக்காக அதே மாடலைத் திறந்தாள். பெட்டி வந்தது. மவுஸ் நகரவில்லை, பேட்டரி தீர்ந்திருந்தது. பக்கத்து மேஜைக்காரி வேறு பேட்டரிக்காக இழுப்பறையைக் குடைந்துகொண்டிருக்க, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பூட்டக்கா பெட்டியைப் படித்தாள். முதல் வரியில் லோகோ. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. உள்கம்பிகளின் ஃபைல்.

விலாசத்தைப் பார்த்தாள். அது குழாய்ப் பொறியாளரின் கணினியில் இருக்கும் ஃபோல்டர். போய்விட்டு வந்ததில் விலாசம் மாறியிருக்கிறது. அப்படி ஒரு ஃபோல்டர் இந்தக் கணினியில் ஏது? மாடல் தேடியிருக்கிறது, காணோம் என்று கேட்டிருக்கிறது, விட்டுவிடு என்று அவளே சொல்லியிருக்கிறாள். கம்பிகள் இருந்த இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையில்தான் துளை போடுவார்கள்.

கணவரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இயந்திரம் ஓடும்போது அவர் போனைக் கருவிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, காதுகளை மூடிக்கொள்வார். கட்டட மேற்பார்வையாளருக்கு அடித்தாள், வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையின் மவுஸைப் பிடுங்கி மாட்டி, பழைய மின்னஞ்சலில் கம்பிகளின் ஃபைலைத் தேடி எடுத்து, சரியான விலாசத்தைக் கொடுத்தாள். ஒரே நொடியில் கம்பிகள் தளம் முழுவதும் வந்து நிறைந்தன. குறித்திருந்த துளைகளில் ஒன்று கம்பியின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

தாளை அச்செடுத்து உருவிக்கொண்டு ஓடினாள். கட்டடம் நாலைந்து தெரு தள்ளி இருந்தது. வழியெல்லாம் மேற்பார்வையாளர் எண்ணை அழுத்திக்கொண்டே போனாள். ஒரு செருப்பு வார் அறுந்தது, இரண்டையும் உதறிவிட்டாள். தான் தாலி அறுக்கத் தானே தாள் அடித்துக் கொடுத்தோமே என்று வந்த நினைப்பை விரட்ட விரட்ட அது கூடவே ஓடி வந்தது.

"மேடம், ஹெல்மெட் போடாம உள்ள போகக்கூடாது," என்றார் வாசல் காவலாளி. மற்ற நாளாயிருந்தால் ஹெல்மெட் போடாதவர்களை அவளே நிறுத்தியிருப்பாள். அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டாள்.

படியேறும்போதே இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. ஓடுகிறது என்றால் உயிரோடு இருக்கிறார். ஓடுகிறது என்றால் அறுத்துக்கொண்டிருக்கிறார். சுவரைப் பிடித்து ஏறினாள்.

அவர் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். கத்தினாள், தன் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தரை முழுக்கச் சேற்றுத் தண்ணீர். அதன் நடுவே பாம்பாகக் கிடந்த ஒயர், எதிர்ச் சுவரிலிருந்த பிளக்கில் போய் முடிந்தது. வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கி, போய், பிளக்கைப் பிடுங்கினாள்.

இயந்திரம் முனகி நின்றது.

"எவன்டா அது?" என்று சீறித் திரும்பியவர், மனைவி தலைவிரிகோலமாகக் கையில் பிளக்கோடு நிற்பதைப் பார்த்தார்.

"கம்பிங்க," என்றாள். மேலே பேச வரவில்லை. நனைந்த தாளை நீட்டினாள்.

அவர் தாளை விரித்து, டேப் வைத்து அளந்து, இயந்திரத்தைத் தூக்கி வெளியே எடுத்தார். அறுத்த வட்டத்துக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தார்.

"கம்பிக்கு இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றாள்.

அவர் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். பிறகு அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தாங்க. அந்தப் பெட்டியைப் படிக்காம அமுக்கிட்டேன். நேத்தே சொல்லிச்சு, நான் பாக்கல."

"சுத்தமா இருக்குன்னு நானும்தானே சொன்னேன்," என்றார். "விடு. ஒண்ணும் ஆகலல்ல." ஒயரைச் சுற்றி வைக்கப் போனார். சுற்று பிரிந்து பிரிந்து விழுந்தது.

அன்று பிற்பகல் முதலாளியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, அவள் எல்லா ஃபைல்களையும் மாடலின் பக்கத்திலேயே ஒரே ஃபோல்டரில் போட்டாள். எங்கே போனாலும் பக்கத்திலேயே தேடும்படி விலாசங்களை மாற்றினாள். இனி அனுப்பினால் மொத்த ஃபோல்டரும் ஒரே கட்டாகப் போகும், திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகுதான் அச்சு. கடைசியாக லோகோ வரியை நீக்கினாள். மாடலைத் திறந்தபோது பெட்டி வரவில்லை. அந்த அமைதியே அவளுக்குப் புதுப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை வீட்டைப் பூட்டினாள். படியிறங்கி நேராக வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"பூட்டைப் பாக்கலியா?" என்றார் அவர்.

"வேண்டாம், போங்க. இத்தனை நாளா அதைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

அவர் வண்டியை அணைத்து, சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு மாடியேறினார். மேலே பூட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவையும் கேட்டது.