பெரியம்மாவுக்குக் கண்ணாடி வாங்கிய கதை

எனக்குப் பத்து வயதான ஆண்டின் கோடை விடுமுறை முழுவதும் பெரியம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போவதிலேயே கழிந்தது. ஒரு தடவை போனால் முடிந்திருக்க வேண்டிய காரியம். மூன்று தடவை போனோம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரியம்மா என் அம்மாவுக்கு அக்கா. கம்பம் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் இருந்தார். விடியும் முன்னே ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளாப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கப் போவார். பதினைந்து பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து போகிற ஜீப்பில், வளைவுக்கு வளைவு எல்லாரையும் சிரிக்க வைப்பவர் அவர்தான் என்று சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் அந்த வருஷம் திடீரென்று வேலைக்குப் போவதை நிறுத்தினார். சிரிப்பதையும் நிறுத்தினார். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு கால்களைப் பின்னி நின்றார். வீரபாண்டித் திருவிழாவில் என்னை ராட்டினம் ஏற்றுவதாகச் சத்தியம் செய்திருந்தவர், கிளம்புகிற காலையில் வரமாட்டேன் என்றுவிட்டார்.

"அம்புட்டுக் கூட்டத்துல அவசரம்னா எங்கிட்டு ஆத்தா ஒதுங்குறது?" என்றார். எனக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அம்மாதான் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினார். அடுப்படியில் இருவரும் கிசுகிசுத்ததை நான் அரிசி புடைப்பதுபோல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அடி இறங்கிவிட்டதாம். குனிந்து நிமிர்ந்தால் ஏதோ கீழே வந்து நிற்கிறதாம். இருமினால், சிரித்தால் சேலை நனைகிறதாம். முன்பாதி எனக்கு விளங்கவில்லை. பின்பாதி நன்றாக விளங்கியது.

முதல் தடவை கம்பத்திலேயே ஒரு டாக்டரிடம் போனோம். பெண்கள் இருவர் போகிறார்களே என்று துணைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் ஓர் ஆண், வயதானவர், தன்மையாகத்தான் கேட்டார். பெரியம்மா அவர் முகத்தைப் பார்த்தார், சுவர்க் காலண்டரைப் பார்த்தார், "முட்டி வலிக்குதுங்க" என்றார். அம்மா பெரியம்மாவின் இடுப்பில் இடித்தார். "ரெண்டு முட்டியும்" என்றார் பெரியம்மா. தைலமும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

"ஆம்பளைகிட்ட எப்படிடி அதச் சொல்ல?" என்று வழியெல்லாம் கேட்டார். சரி, பெண் டாக்டரிடமே போவோம் என்று அடுத்த வாரம் தேனிக்குப் பஸ் ஏறினோம். டோக்கன் வாங்கி உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆனபிறகு, எங்களுக்கு எதிர் பெஞ்சில் பெரியம்மாவின் சம்பந்தியம்மா வந்து உட்கார்ந்தார். அவருடைய இளைய மகள் முழுகாமல் இருந்தாள். அவளைக் காட்ட வந்திருந்தார்கள்.

"என்ன மதினி, இங்கன?" என்றார் சம்பந்தியம்மா.

"கண்ணு மங்கலாத் தெரியுது மதினி. அதக் காட்டத்தான்" என்றார் பெரியம்மா, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

"அட, கண்ணு டாக்டரு மாடியிலல்ல இருக்காக! தெரியாம இங்கன உக்காந்திருக்கீக, வாங்க நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டார் அந்தப் புண்ணியவதி. அதோடு விடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, பரிசோதனை முடிந்து, கண்ணாடிக்கு எழுதிக்கொடுக்கும்வரை கூடவே இருந்தார். அன்று மாலை பெரியம்மா கறுப்பு விளிம்புக் கண்ணாடியோடு ஊர் வந்து சேர்ந்தார். அம்மா பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியதும் நடுரோட்டில் நின்று, "இன்னொரு தடவ இப்படிப் பண்ணுன, நான் உனக்குத் தங்கச்சியே இல்ல" என்று கத்தினார்.

மூன்றாவது தடவையும் அதே தேனி டாக்டரம்மாதான். இம்முறை சம்பந்தியம்மா இல்லை. எங்கள் டோக்கன் வந்தது. உள்ளே போய் உட்கார்ந்தோம்.

"சொல்லுங்கம்மா, என்ன செய்யுது?"

பெரியம்மா தொண்டையைச் செருமினார். மின்விசிறியைப் பார்த்தார். "அடிக்கடி தலைவலி..." என்று ஆரம்பித்தார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. "பொய்யி! பெரியம்மாவுக்குச் சிரிச்சா ஒண்ணுக்கு வந்துருது. கீழ என்னமோ எறங்கிருச்சாம்" என்றேன், வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி.

பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, பெரியம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தனை வருஷமா இருக்கு?"

"எட்டு வருசமாச்சும்மா" என்று துணிக்குள்ளிருந்து பதில் வந்தது.

அம்மா திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் எட்டு மாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குக் காலையிலேருந்து இதே தொந்தரவுன்னு வந்ததுல நீங்க நாலாவது ஆளு. மூணு பேரும் இப்படித்தான் மூஞ்சிய மூடிக்கிட்டாங்க" என்றார் டாக்டரம்மா. "வாங்க, படுங்க, பாத்துருவோம்."

திரைக்குப் பின்னால் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கர்ப்பப்பை நன்றாக இறங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், அதன்பிறகு மூன்று மாதம் குடம் தூக்கக்கூடாது என்றார். இவ்வளவுதான். இதற்குத்தான் முட்டிக்குத் தைலமும் கண்ணுக்குக் கண்ணாடியும். அடுத்த மாதமே ஆபரேஷன் நடந்தது, பெரியம்மா தேறினார், தை பிறந்ததும் பழையபடி ஜீப் ஏறினார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று வெளியே வந்ததும் பெரியம்மா என் காதைத் திருகினார். "வாயாடிக் கழுத" என்றார். திருகல் வலிக்கவில்லை. மருந்து வாங்கிவிட்டால் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அப்போதுதான் அம்மா, "நீங்க உக்காருங்க, ஒரு நிமிசம்" என்று மறுபடி உள்ளே போனார். நிமிஷம் நீண்டுகொண்டே போனது. பொறுக்காமல் கதவைத் தள்ளி எட்டிப்பார்த்தேன்.

அம்மா உட்காராமல் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு... இம்புட்டு இல்ல, தும்முனா மட்டுந்தான். அவளும் ஆபரேசன்தான் செய்யணுமா டாக்டரம்மா?"

"அந்த ஒருத்திய வந்து கட்டில்ல படுக்கச் சொல்லுங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா.

அம்மா என்னைக் கண்டதும் கதவை உள்ளேயிருந்து சாத்தினார்.

நான் பெரியம்மாவிடம் வந்து, "அம்மா யாருக்கோ கேட்டுக்கிட்டு நிக்கிது, பஸ் போகப் போகுது" என்று புகார் சொன்னேன். பெரியம்மா சாத்திய கதவையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"போனாப் போகட்டும். அடுத்த பஸ்ஸுல போவோம்" என்றார்.

எனக்கோ பசி. இன்னொருத்திக்கு நோவு என்றால் அவள் பஸ் ஏறி வந்து கேட்க வேண்டியதுதானே, என் அம்மா எதற்கு அவளுக்காகக் கால்கடுக்க நின்று கேட்கிறார் என்று, ஊர் பேர் தெரியாத அந்தப் பெண்ணை நான் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.