வெர்லின் இறக்கிய வலை

என் தம்பி வெர்லின் ஷைவ்லியிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பான். கடைவாய்ப் பல் பிடுங்கி வாய் நிறைய ரத்தத்தோடு வந்தபோதும் அதைத்தான் சொன்னான். பெண்டாட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோனோக் நகரத்துக்கே போய்விட்ட அன்றும் அதைத்தான் சொன்னான். சரியான கல்லுளிமங்கன். நாற்பத்து நாலு வயதில் ஊருக்கு அவனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: வாரத்தில் ஐந்து நாள் மரச்சாமான் ஆலையில் கொதிகலன் பார்ப்பான், சனிக்கிழமை பிளம் க்ரீக் பந்தயத் தடத்தில் இருபத்தேழாம் எண் டிரக்கை ஓட்டுவான்.

அந்த எண் அப்பாவுடையது. அதே தடத்தில் மூன்றாவது வளைவின் சுவரில் மோதித்தான் அப்பா செத்துப்போனார். பத்தொன்பது வருஷம் ஆகிறது. பந்தய டிரக்கில் ஓட்டுகிறவன் பக்கத்து ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, பட்டை பட்டையாகப் பின்னிய வலைதான். மோதியபின் ஆள் நன்றாக இருந்தால் முதல் வேலையாக வலையை இறக்கிவிட வேண்டும். எல்லாருக்கும் அதுதான் சேதி. அப்பாவின் வலை இறங்கவே இல்லை. அம்மா பார்வையாளர் மேடையில் உட்கார்ந்து அந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் வெர்லின் முதன்முதலில் டிரக்கில் ஏறியபோது அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தான். "என்ன ஆனாலும் முதல்ல வலையை இறக்கிடுவேம்மா" என்றான். புத்தி உள்ளவன் ஓட்டவே மாட்டேன் என்றல்லவா வாக்குக் கொடுத்திருப்பான்.

சில வருஷம் கழித்து ஒருநாள் கொட்டகையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னான்.

"எனக்கு இது பிடிக்கல ரெட்டா. வெள்ளிக்கிழமை ஆனாலே ராத்திரி தூக்கமே இல்ல."

"அப்ப நிறுத்தித் தொலையேன்டா."

"அம்மாவுக்கு இதைவிட்டா வேற என்ன இருக்கு? அப்பா நம்பர் ஓடணும்ல."

நான் நேராக அம்மாவிடம் போனேன். அடுப்பில் பீன்ஸைக் கிண்டிக்கொண்டே அவள் சொன்னது: "எனக்கா? எனக்கு அந்தச் சத்தமே ஆகாதுடி. புள்ளை ஆசைப்பட்டு ஓட்டறான். நான் போய் உக்காரலேன்னா மனசு ஒடிஞ்சிடும் அவனுக்கு."

இவள் சொன்னதை அவனிடம் சொன்னேன். "எனக்காகச் சும்மா சொல்றா" என்றான். அவன் சொன்னதை இவளிடம் சொன்னேன். "என் கஷ்டம் பாத்து அப்படிச் சொல்றான்" என்றாள். இதுகளிடம் பேசுவதற்குச் செவிட்டுச் சுவரோடு பேசலாம் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

அவனுக்குப் பந்தயத்தில் கண் நான்தான். தலைக்கவசமும் வார்களும் பூட்டி உட்கார்ந்தவனால் கழுத்தைத் திருப்ப முடியாது. மேடைக்கூரை மேல் நின்று ரேடியோவில் "உள்ள ஒருத்தன்", "வெளிய ஒருத்தன்", "காலி" என்று நான் சொல்லச் சொல்ல அவன் ஓட்டுவான். நாங்கள் பேசுவது எங்களுக்குள் இருக்காது. மேடையில் பாதிப் பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தங்களுக்குப் பிடித்த ஓட்டுநரின் பேச்சைக் கேட்பார்கள், எங்கள் பக்கத்து வழக்கம் அது. எனக்கு நேர் கீழே நாலாவது வரிசையில் அம்மா, மடியில் அவித்த வேர்க்கடலை, காதில் எங்கள் பேச்சு. பத்து வருஷமாக ஒரு கெட்டவார்த்தை பேச முடிந்ததில்லை எனக்கு.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மதியம். நூறு சுற்றில் அறுபத்தோராவது சுற்று. வெர்லினுக்கு முன்னால் போன டூயி ஹேலின் டிரக் மூன்றாவது வளைவில் டயர் வெடித்துக் குறுக்கே திரும்பியது. "கீழ போ, கீழ போ" என்றேன். கீழே, தடத்தின் உள்ஓரத்தில், இடம் இல்லை. இரண்டு டிரக்கும் பின்னிக்கொண்டு போய்ச் சுவரில் மோதின.

புழுதி அடங்குவதற்குள் வெர்லினின் வலை இறங்கிவிட்டது. மேடை முழுக்க எழுந்து கை தட்டியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டூயியின் வலை மேலேயே இருந்தது. எங்கள் தடத்தில் மீட்பு ஆட்கள் இரண்டே பேர், வெட்டும் கருவியும் ஒன்றே ஒன்று. இரண்டு பேரும் கருவியைத் தூக்கிக்கொண்டு டூயியிடம் ஓடினார்கள். வலை இறங்கியவனிடம் யாரும் முதலில் போவதில்லை, உத்தரவு வரும்வரை அவன் உள்ளேயே உட்கார்ந்திருப்பான்.

"எப்படிடா இருக்கே?" என்றேன்.

"நல்லா இருக்கேன்."

"இன்ஜினை அணைச்சியா?"

"ம்."

பிறகு, "ரெட்டா, அம்மாவை எழுந்திரிச்சுப் போய்க் கடலை வாங்கிட்டு வரச் சொல்லேன்" என்றான்.

"மடி நிறைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. இப்பத்தான் உனக்குக் கடலை கவலை" என்று சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். கூடப் பிறந்தவள் நான், எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது அம்மாவுக்கு. அவள் திரும்பி என்னை அண்ணாந்து பார்த்தாள். காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றி, எனக்குத் தெரியும்படி தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, பக்கத்தில் பலகை மேல் வைத்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"வெர்லின், அம்மா கழட்டி வச்சிட்டா. இப்பச் சொல்லு."

"நெசமாவா?"

"காதைப் பொத்திக்கிட்டிருக்காடா. சொல்லித் தொலை."

"இடது கால் மாட்டிக்கிச்சு. தகரம் மொத்தமா உள்ள வந்துடுச்சு, பாதம் எங்க இருக்குன்னே தெரியல. பெட்ரோல் வாடை அடிக்குது. வாரைக் கழட்ட முடியல. சீக்கிரம் ஆளை அனுப்பு." அழுதுகொண்டிருந்தான். "பயமா இருக்கு ரெட்டா. ஒருநாள்கூட எனக்கு இது பிடிச்சதில்ல. ஒருநாள்கூட."

பந்தயத்தை நடத்தும் கெர்மிட் அதே கூரையில் பத்தடி தள்ளி நின்றார். ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"ஆளுங்களை இருபத்தேழுக்கு அனுப்பு. அவன் உள்ள மாட்டிக்கிட்டிருக்கான்."

"வலையை இறக்கிட்டானேம்மா" என்றார்.

"வலையில தீயை வை" என்றேன். அதற்குப் பிறகு நான் பேசியதை அச்சில் போட முடியாது.

அங்கே டூயிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவன் வலையின் கொக்கி வளைந்து சிக்கிக்கொண்டதாம். உள்ளே உட்கார்ந்து எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறான். கருவி வெர்லினிடம் வந்து சேர ஆறு நிமிஷம் ஆயிற்று. தகரத்தை வெட்டி அவனை எடுக்கக் கால்மணி நேரம். அதுவரை அம்மா காதிலிருந்து கையை எடுக்கவில்லை. நல்லவேளை தீப்பிடிக்கவில்லை. ஆனால் பாதம் போய்விட்டது. கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அவன் அழுததை மேடையில் பாதிப் பேர் கேட்டார்கள். கேட்காதது அம்மா ஒருத்திதான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவன் முகத்தில் ஒரு தெளிவு. அம்மா காபிக்குப் போனபோது என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "க்ளட்ச் மிதிக்கிற கால்தானே போச்சு. இனிமே யாரும் ஓட்டச் சொல்ல முடியாதுல்ல?" பாதம் போனவன் கண்ணில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

அம்மா கைப்பையை அணைத்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"தம்பி, கவலைப்படாத. கெர்மிட்டைப் பாத்துப் பேசிட்டேன். க்ளட்ச்சைக் கையால இழுக்கற மாதிரி மாத்திக் குடுக்கறாங்களாம். வசந்தத்துக்குள்ள ரெடி ஆயிடும். நீ பழையபடி ஓட்டலாம்."

வெர்லின் அவளைப் பார்த்தான். பிறகு பல் தெரியச் சிரித்தான்.

"ரொம்ப நல்லதும்மா" என்றான்.

என்னால் தாங்க முடியவில்லை. அம்மாவின் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தேன். "அவனுக்கு வேணாம்மா. அன்னிக்கு உள்ள உக்காந்து கதறினான், ஒருநாள்கூடப் பிடிச்சதில்லன்னு. மேடையே கேட்டுது. யாரை வேணா கேளு."

"வலியில மனுஷன் ஆயிரம் சொல்லுவான்டி" என்றாள் அம்மா. "க்ளட்ச்சுன்னு சொன்னதும் மூஞ்சி மலர்ந்ததை நீயுந்தானே பாத்தே?"

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை சனிக்கிழமை நான் அங்க போய் உக்காரணும் ரெட்டா?" என்று கேட்டாள்.