முட்டைக்கோஸோடு திரும்பிய லோரி

என் கைப்பேசியிலிருந்து, எல்லாரும் படம் போடும் அந்தத் தளத்தை அழித்தது என் மகள். நான்தான் அழிக்கச் சொன்னேன். ஆனால் அவள் விரல் திரைக்குப் போனபோது, இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமலே அழித்துவிட்டாள். கடவுச்சொல்லை மாற்றிப் புதிது போட்டதும் அவள்தான். அதை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

எனக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. அங்கே படிக்க வேண்டாம், பேசவும் வேண்டாம். நான் ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன். நாலு பேர் கூடிய இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கே விரலால் தள்ளினால் போதும். ஒரு மழைநாளில் எங்கோ மண் சரிந்த படம் ஒன்றைப் பார்த்தேன். அதன் பிறகு அது எனக்கு மண்சரிவாகவே எடுத்துக் கொடுத்தது. வீடு நழுவும், கார் புதையும், சாலை வாயைப் பிளக்கும். எங்கள் தோட்டத்து லைன் வீடுகள் தேயிலைச் சரிவுக்கு நேர் கீழே இருக்கின்றன. மழை பெய்தால் பார்ப்பேன். பார்த்தால் பயம் வரும். பயம் வந்தால் இன்னும் பார்ப்பேன். பழைய படமா, அன்றைய படமா என்று எனக்குத் தெரியாது.

விட்ட பிறகும் பயம் போகவில்லை. பார்ப்பதற்குப் படம் இல்லாமல் வெறும் பயமாக நின்றது. வானொலி வைத்துப் பார்த்தேன். செய்தி வரும் நேரத்தில் அணைத்துவிடுவேன். பிறகு அதில் என்ன சொன்னார்களோ என்று பயப்படுவேன். கோயில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று பாதியில் வாளியை வைத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் மனம் ஒட்டிக்கொண்டது லோரி பார்ப்பதில்தான். கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். என்னோடு பிடிப்பவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வாய் ஓயாதவர். எங்கள் சரிவிலிருந்து பார்த்தால் மலையடிவாரத்துத் தாப்பாவுக்குப் போகும் சாலை தெரியும். மேலே திரிங்காப், கம்போங் ராஜா பக்கமிருந்து காய்கறி லோரிகள் பாரத்தோடு இறங்கிப் போகும், காலியாக ஏறி வரும்.

“காயோட எறங்குன லோரி காயோடயே ஏறி வந்துச்சுன்னா, கீழ பாதை அடைச்சிருச்சுன்னு அர்த்தம்” என்றார் அவர். “இதுக்குப் போயி ஃபோன நோண்டிக்கிட்டு இருந்தியே லா.”

அதற்குப் பிறகு என் கண் முழுக்கச் சாலையில்தான். ஒருநாள் தார்பாய் போர்த்திய லோரி ஒன்று முக்கி முனகி ஏறி வந்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

“அண்ணே, பாதை போயிருச்சு!”

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “டேய், காய்த் தோட்டத்துக்குப் போற கோழி எரு லா அது! ஒனக்கு மூக்கு இருக்கா, இல்ல அதையும் சேத்து மக அழிச்சிட்டாளா?”

அடுத்த வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்று முழுக்க நான் தலையை நிமிர்த்தவில்லை.

மகள் ஈப்போவில் வேலை செய்கிறாள். அந்தச் சனிக்கிழமை தாப்பாவிலிருந்து மதிய பஸ்ஸில் ஏறுவதாகச் சொல்லியிருந்தாள். விடிந்ததிலிருந்து மழை. மதியம் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் லைன் வீடுகளில் யாருடைய ஃபோனிலும் சிக்னல் கோடு இல்லை. பஸ் வந்து சேரும் நேரமும் தாண்டிவிட்டது.

“போய்ப் பாருங்க” என்றாள் மனைவி. “சும்மா நின்னு நடுங்காதீங்க.”

அந்தத் தளம் இருந்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏதோ ஒரு நாட்டில் பாதி புதைந்த பஸ் ஒன்று. அதற்குள் என் மகளை நானே உட்கார வைத்திருப்பேன். இருந்தாலும் மோட்டார் சைக்கிளில் போகும்போது விரல் திரையைத் தேடிக்கொண்டுதான் இருந்தது.

தாப்பா சாலையில் கீழே இருக்கும் ரிங்லெட்டில், லோரிக்காரர்கள் சாப்பிடும் கடை எதிரே, தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினேன். அங்கே கோடு இருந்தது; மகளுக்கு அடித்தால் போகவில்லை. கீழேயிருந்து ஒரு லோரி வந்தது. தார்பாய் போட்டிருந்தது. பாரம் தாங்காமல் மெதுவாக ஏறியது. நான் மூச்சை நன்றாக இழுத்தேன். நாற்றம் இல்லை. கோழி எரு நாற்றத்துக்காக நான் ஏங்கியது அன்றுதான். தார்பாயின் மூலை அவிழ்ந்து கிடந்தது. உள்ளே கூடை கூடையாக முட்டைக்கோஸ். அதன் பின்னால் இன்னொரு லோரி, அதுவும் அப்படியே.

முதல் லோரியின் ஓட்டுநர் இறங்கிக் கடைக்குள் போனான். நான் என் மோட்டார் பக்கம் போய்ச் செயினைத் தொட்டுப் பார்த்தேன். செயினுக்கு ஒன்றுமில்லை. போய்க் கேட்காதவரை அவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டுவிட்டால் என்ன ஆவாளோ. அந்த நினைப்பிலேயே நனைந்துகொண்டு நின்றேன். பிறகு எப்படியோ உள்ளே போய்விட்டேன்.

“தம்பி… கீழ…”

“என்னாண்ணே, கோபிஸ் வேணுமா? இன்னிக்கு மலிவு. போனதெல்லாம் திரும்பி வந்துருச்சு” என்றான், முட்டைக்கோஸ் லோரியைக் காட்டி. மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“பஸ்ஸு” என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. “யாரு வர்றா?”

“மக.”

“மொதல்ல உக்காருங்க. மண்ணு எறங்கி மரமும் விழுந்து கெடக்கு. அதுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸு நிக்குது, என் கண்ணால பாத்தேன். ஆளுங்க எல்லாம் எறங்கி டிரைவரத் திட்டிக்கிட்டு இருக்காங்க.”

“பொண்ணுங்க…”

“கொடைக்குக் கீழ ரெண்டு மூணு பொண்ணுங்க நின்னாங்க. மூஞ்சி தெரியலண்ணே. பொய் சொல்ல மாட்டேன்.”

யாரோ என் முன்னால் தேநீர் வைத்தார்கள். அது ஆறிப்போய் மேலே ஆடை கட்டியது. கண்ணுக்குள் குடையும் மூஞ்சியும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. நின்றவர்கள் மேல் இன்னும் மண் இறங்கினால்? அதை மட்டும் அவனிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவனும் எழுந்து போகவில்லை. பாதை திறக்காமல் அவன் எங்கே போவான்?

வெளிச்சம் மங்கும் நேரத்தில் பஸ் வந்தது. மழையில் இறங்கி ஓடினேன். முழங்கால்வரை சேற்றோடு மகள் இறங்கினாள்.

“ஏம்பா நனையிறீங்க? ஒங்களுக்கு அடிச்சேன், போகல. நடுவுல கொஞ்சம் லைன் கெடச்சப்ப, நல்லாருக்கேன்னு அதுல போட்டேனே. எல்லாரும் பாத்தாங்களே…” என்றவள் நிறுத்திக்கொண்டாள். அழித்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஈரக் கையை நீட்டினாள். “குடுங்கப்பா, திரும்பப் போட்டுத் தர்றேன்.”

சட்டைப் பைக்குள் போன என் கை கைப்பேசியைப் பிடித்துக்கொண்டது. கொடுக்கவா, ஒளிக்கவா என்று அந்தக் கைக்கே தெரியவில்லை. அது உள்ளே இருந்திருந்தால் இத்தனை நேரம் நான் செத்துப் பிழைத்திருக்க வேண்டாம். அது உண்மை. அவள் போட்டதைப் பார்ப்பதற்குள் எத்தனை பஸ்களைப் புதைத்துக் காட்டியிருக்கும் என்பதும் உண்மை.

“வேணாம்மா” என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

கடைக்குள்ளிருந்து அந்த லோரிக்காரன் கத்தினான். “அண்ணே! மூஞ்சி இப்ப தெரியுது!”

இப்போதும் மழை கொட்டினால் ரிங்லெட்டுக்கு இறங்கிவிடுகிறேன். ஏறி வரும் லோரியின் தார்பாயைப் பார்க்கிறேன். மூச்சை இழுக்கிறேன். காய்ப் பாரம் என்று தெரிந்தால் கடைக்குள் போய்க் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் ஒன்றுமில்லாத செயினை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.