வேனுக்குள் வந்த கேஸ் வாடை

நாங்கள் ஓப்பநாயக்கவில் இருக்கிறோம். தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வுபெற்ற என் கணவர், கட்டிலும் கேஸ் அடுப்பும் பொருத்திய பழைய வேன் ஒன்றைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறார். மழைக்காலம் முழுவதும் அது வீட்டுக்குப் பின்னால் சும்மா நின்றது.

மழை விட்டதும் மடு மாதா கோயிலுக்குப் புறப்பட்டோம். டயர், பிரேக், எஞ்சின் ஒயில் எல்லாவற்றையும் அவர் பார்த்தார். அடுப்பை இருவருமே பார்க்கவில்லை.

வழியில் ஒரு மர நிழலில் நிறுத்தி, தேநீர் போட சிலிண்டரைத் திறந்தேன். கட்டிலில் மகள் கைக்குழந்தையோடு படுத்திருந்தாள். நான் தீப்பெட்டியை எடுத்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, பத்த வைக்காதீங்க. கேஸ் வாடை வருது.”

தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்த எனக்கு வாடை ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் சிலிண்டரை மூடினேன். கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் இறங்கினோம். வாடை போன பிறகு கணவர் அடுப்பை நகர்த்திப் பார்த்தார். பின்னால் இருந்த ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது.

“நல்ல வேள, மகள் முழிச்சிருந்தா” என்றவர், பேரனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

இப்போது வேன் சும்மா நிற்கும் நாட்களில், புதிதாக வாங்கிய குழாயைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கிறோம். புறப்படும்போது அதைப் பொருத்தி, சிலிண்டரைத் திறந்து, சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பேன். எங்கும் குமிழி வரவில்லை என்றால்தான் குழந்தையை ஏற்ற விடுவேன்.