காலர் அக்கா தந்த சொல்

எங்கள் சட்டைத் தொழிற்சாலையின் இஸ்திரிப் பகுதியில் ஒரு சொல் உலவியது. அதைப் பெற்றுப் போட்டவள் காலர் அக்கா. நாளெல்லாம் காலர் மட்டுமே தேய்ப்பவள், அதனால் அந்தப் பெயர். நான் பக்கத்து மேசை.

புதிதாக வந்த சூப்பர்வைசரிடம் ஒருநாள், "சார், இஸ்திரிப் பெட்டி தண்ணி கக்குது, குழாயை மாத்தணும்" என்று ஆரம்பித்தாள். "இரும்மா, நான் சொல்றேன்" என்று அவர் பெட்டியை வாங்கி, சூடான பக்கம் கீழே இருக்கவேண்டும் என்று அவளுக்கே பாடம் எடுத்தார். பாடம் முடிவதற்குள் அவருடைய கால்சட்டை நனைந்துவிட்டது.

"மனுஷனுக்கு இரும்மா வந்துடுச்சுடி" என்றாள், விக்கல் வந்ததைச் சொல்வதுபோல. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்புறம் அது மாமனார்களுக்கு வந்தது, பேங்க் ஆபீசருக்கு வந்தது, கண்ட கண்டவர்களுக்கெல்லாம் வந்தது. திட்டுவது இரும்மா ஆகாது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இது சிரித்த முகத்தோடு, நம் நல்லதுக்கென்றே வரும். இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று முதலிலேயே முடிவு கட்டியிருக்கும். தலையாட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அக்காவுக்கு ஒரே மகன். புருஷன் போனபிறகு ஒற்றை ஆளாய் வளர்த்துப் படிக்கவைத்தாள். தங்கமான பையன், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நெஞ்சு வலிக்கிறது என்றதும் லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனான்.

மறுநாள் வேலைக்கு வந்தவள், "என் வீட்டுக்கே வந்துடுச்சுடி" என்றாள்.

"எது அக்கா?"

"இரும்மாதான். எங்க வலிக்குதுன்னு டாக்டர் என்னைத்தான் கேட்டார். வாயைத் திறந்தேன். 'இரும்மா, நான் சொல்றேன்'னான். நேரத்துக்குச் சாப்பிடறதில்ல, வாயுதான் டாக்டர்னு அவனே முடிச்சுட்டான். மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க."

"நீ சொல்லவேண்டியதுதானே?"

"வெளியாள் முன்னாடி பிள்ளையை மட்டம் தட்டச் சொல்றியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கே போகலாம், நானும் வருகிறேன் என்று மல்லுக்கு நின்றேன். சனிக்கிழமை போகலாம் என்றாள். வெள்ளிக்கிழமை காலையில், வேலைக்குக் கிளம்பும்போதே விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்கள் பகுதியில் அந்தச் சொல்லை அதற்குப்பிறகு யாரும் வாயில் எடுக்கவில்லை.

சில வாரம் கழித்து மகன் வந்தான், அவள் இங்கேயே விட்டுவைத்திருந்த மாற்றுச் செருப்பையும் பழைய சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிப்போக. வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றான்.

"சித்தி, அம்மா உங்ககிட்ட சொன்னாங்களா, எங்க வலிச்சுதுன்னு?"

இப்போது கேட்கிறாயே பாவி என்று கத்தத்தான் வந்தது. முகத்தைப் பார்த்தபிறகு முடியவில்லை. சொன்னேன். இடது தோளில் ஆரம்பித்து தாடைக்கு ஏறுமாம். படி ஏறினால் யாரோ நெஞ்சில் உட்கார்ந்ததுபோல் இருக்குமாம். கொஞ்சம் நின்றால் விடுமாம். அவள் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் அவளுடைய மேசையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு வார்த்தை பேசாமல், கடைசிவரை கேட்டான்.