யோம் டீக்கனுக்கு விழாத ஓட்டு

சிகாகோவில் லாரன்ஸ் அவென்யூ பக்கம் இருக்கும் எங்கள் கொரியச் சபையில் யோம் தல்-சு இரண்டு தடவை மூப்பர் தேர்தலில் நின்றார். இரண்டு தடவையும் தேறவில்லை. இரண்டாவது தடவை அவர் வேண்டாம் என்று எழுதிப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

என்னை இந்த ஊருக்குள் கூட்டிவந்ததே அவர்தான். 1979 ஜனவரி. நானும் என் கணவரும் ஊரிலிருந்து போட்டுவந்த மெல்லிய கோட்டோடு விமான நிலைய வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றோம். சபை வேனை ஓட்டிக்கொண்டு ஒரு மனிதர் வந்தார். கையில் இரண்டு கம்பளி, ஒரு ஃபிளாஸ்க் நிறையச் சூடான பார்லித் தண்ணீர். "சாப்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அந்த வாரத்துக்குள் வீடு பிடித்துக் கொடுத்தார். அரசாங்க அலுவலகங்களில் எங்களோடு வரிசையில் நின்றார். என் கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை சொல்லி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஏறாமல் எப்படி இருக்க முடியும்? ஊரில் இருந்தவரை நாங்கள் எந்தச் சபையின் படியையும் மிதித்ததில்லை. அவரும் அப்படித்தான் வந்தவராம். அவரை விமான நிலையத்திலிருந்து ஏற்றிவந்தவர் ஒரு மூப்பர், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொரியாவில், குன்சான் ஊரில், அவர் நீர்ப்பாசன அலுவலகத்தில் பிரிவுத் தலைவராக இருந்தவர். அவருக்குக் கீழே பதினோரு பேர். இங்கே அவரும் மனைவி போக்-ஹியும் ஒரு சலவைக்கடை நடத்தினார்கள். பழைய முதலாளி விட்டுப்போன 'சார்லி' என்ற பலகையை மாற்றவே இல்லை. அதனால் மீசை முளைக்காத பொடியன்கூட, "சார்லி, என் சட்டை எங்கே?" என்பான். ஆறு நாள் சார்லியாக இருந்துவிட்டு ஏழாம் நாள் டை கட்டி, தலையைப் படிய வாரிக்கொண்டு, மூப்பருக்கு ஒரு படி கீழே, யோம் டீக்கனாகச் சபையில் வந்து நிற்பார். எங்கள் எல்லாருடைய கதையும் அதுதான். சபையில் யார் யாரை எந்தப் பட்டம் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை வீட்டுக்குப் போயும் பேசித் தீராது.

அவருடைய விசுவாசம் எப்படி என்று எனக்குத் தெரியாது. ஜெபத்தில் அவர் குரல் தழுதழுத்து நான் கேட்டதில்லை. ஆனால் எவ்வளவு பனி கொட்டினாலும் வேன் வராத ஞாயிறு கிடையாது.

மூப்பராக வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழ வேண்டும். 1988இல் முதல் தடவை நின்றபோது ரொம்பவே குறைந்துபோனது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1993 நவம்பரில் மறுபடியும் அவர் பெயரைச் சொன்னார்கள். இந்தத் தடவை தேறிவிடுவார் என்றுதான் பேச்சு.

நான் ஏன் அப்படி எழுதினேன்? என் கணவரும் அவரளவுக்குப் பழைய டீக்கன்தான். குடிப்பழக்கம் உண்டு என்பதால் யாரும் அவர் பெயரை எடுக்கவில்லை. யோம் டீக்கன் மூப்பரானால் போக்-ஹி மூப்பர் வீட்டம்மா. சபைச் சமையற்கட்டில் அவள் உப்புப் பார்ப்பாள், நான் பூண்டு உரிப்பேன். ஓட்டுச் சீட்டைக் கையில் வாங்கியபோது என் மனசில் இருந்தது அந்தப் பூண்டுதான். எழுதி, நாலாக மடித்துப் போட்டேன்.

மொத்தம் தொண்ணூற்றாறு பேர். அறுபத்துநான்கு வேண்டும். அவருக்கு விழுந்தது ஐம்பத்தொன்பது.

அன்று சாப்பாட்டுக் கூடத்தில் முள்ளங்கிச் சூப் ஆறிக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக அவரிடம் போய்க் கையைப் பிடித்தார்கள். "நான் உங்களுக்குத்தான் போட்டேன் டீக்கன், யாரு இப்படிப் பண்ணினாங்கன்னே தெரியல." நானும் போனேன். நானும் அதையே சொன்னேன். எல்லாருக்கும் தலையைக் குனிந்து நன்றி சொன்னார்.

அடுத்த ஞாயிறு வேன் வழக்கம்போல வந்தது. பதினோரு முதிய பெண்களைச் சபை வாசலில் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். ஆனால் உள்ளே வரவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கொரியப் பத்திரிகையை விரித்தார். ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

மூன்றாவது வாரம் போதகர் போய்க் கண்ணாடியைத் தட்டினார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உள்ள வாங்க டீக்கன்."

"வண்டிய விட்டுட்டு வர முடியாதுங்க."

"வண்டிய யாராவது தூக்கிட்டா போயிடுவாங்க?"

"சொல்ல முடியாதுங்க. போன மாசம் எங்க தெருவுல ரெண்டு காணாமப் போச்சு."

"இப்படியே எத்தன நாளைக்கு?"

"உங்களுக்குக் குளிரும் போதகரே, உள்ள போங்க."

வேனில் வரும் பெண்கள் கிண்டல் பண்ணிப் பார்த்தார்கள். "எங்க டிரைவர் வெளியில தனிச் சபை ஆரம்பிச்சிருக்காரு, ஒரே ஆளு, அதனால சண்டையே இல்ல," என்பாள் ஒருத்தி. "அதுலயாவது அவர மூப்பராக்குவாங்களா?" என்று இன்னொருத்தி கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சிரித்தார். ஆனாலும் உள்ளே வரவில்லை. இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது.

நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு நாள், "ஏறி உக்காருங்கம்மா, காத்து அடிக்குது," என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சூப்பில் சோற்றைக் கொட்டிக் கலக்கியபடியே சொன்னார்:

"அன்னிக்கு எத்தன பேரு எங்கிட்ட வந்து உங்களுக்குத்தான் போட்டேன்னு சொன்னாங்க தெரியுமா? எண்பத்தொரு பேரு. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்."

நான் பாத்திரத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தோத்தது பரவால்லம்மா. உள்ள போனா எவன் மூஞ்சியப் பாத்தாலும் இவனா அவனான்னு தோணுது. கண்ண மூடினா ஜெபம் வரல, கணக்குதான் வருது. அதான் இங்க உக்காந்திருக்கேன்."

"டீக்கனய்யா..."

"சூப்பு நல்லாருக்கு. நீங்க வச்சதா?"

"ஆமா."

"உப்பு சரியா இருக்கு," என்றார். பாத்திரத்தை வழித்துத் தின்றுவிட்டு என் கையில் கொடுத்தார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இறங்கி வந்துவிட்டேன்.

1996 வசந்தத்தில் அவர் கண் மஞ்சளாக இருந்ததை வேன் பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். கல்லீரலில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். மே மாதம் வரை ஓட்டினார். ஆகஸ்டில் போய்விட்டார். அடக்க ஆராதனை எங்கள் சபையில்தான் நடந்தது. இரண்டே முக்கால் வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனார், ஆறு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டத்துக்கு உட்கார இடம் போதவில்லை. போதகர் அவருடைய சேவையைப் பற்றி நெடுநேரம் பேசினார். போக்-ஹி அழவே இல்லை.

பத்து நாள் கழித்துக் கடைக்குப் போனேன். அவள் தனியாக நின்று சட்டைகளுக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள். ஆவியில் முகம் சிவந்திருந்தது. உட்காராமலே சொல்லிவிட்டேன்.

"அக்கா, நான் அண்ணனுக்குப் போடல. வேண்டாம்னு எழுதினேன்."

பெட்டி நிற்கவில்லை. காலரைத் திருப்பி வைத்து ஓட்டினாள்.

"நானும்தான்," என்றாள்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நின்றேன்.

"என்னடி அப்படிப் பாக்குற? பதினேழு வருஷம். ஒரு ஞாயித்துக்கிழம எனக்குன்னு இருந்ததில்ல. காலையில வேனு, அப்புறம் சபை, சாயங்காலம் எவன் வீட்டுலயோ குழாய் ஒழுகுதுன்னு ஓடுவாரு. ஏரிக்கரைக்கு ஒரு நாள் போவோம்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. மூப்பராயிட்டா அத்தோட நான் அவர மறந்துட வேண்டியதுதான். தோத்தா ரோஷத்துல சபைய விட்டுடுவாருன்னு நெனச்சேன்." சட்டையை ஹேங்கரில் மாட்டினாள். "மனுஷன் வாசல் வரைக்கும்தான் விட்டாரு. வேன விடல."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு? வீட்டுல ஒரு ஆளாவது நம்மள நம்புதுன்னு நெனச்சிட்டுப் போகட்டும்." அப்போதுதான் அவள் உதடு கோணியது. "ராத்திரியெல்லாம் பேரு பேராச் சொல்லுவாரு, இவன் போட்டிருப்பானா, அவ போட்டிருப்பாளான்னு. நான் தலகாணியில படுத்துக்கிட்டு ஊம் கொட்டிக்கிட்டு இருப்பேன்."

துவைத்த துணிகளுக்கு நான் சீட்டுக் குத்தினேன், அவள் பெட்டி போட்டாள். கடை மூடும்வரை அங்கேயே இருந்தேன்.

வேனை ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. ஆளுக்கொரு வாரம் என்று பட்டியல் போட்டார்கள், ஒரு மாதம்கூட நடக்கவில்லை. முதிய பெண்களில் நாலு பேரைப் பிள்ளைகள் கொண்டுவந்து விட்டார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். என் கணவர் குடியை விட்டார். இரண்டு வருஷம் கழித்து அவர் பெயரைச் சொன்னார்கள், முதல் தடவையே தேறினார். இப்போது என்னை மூப்பர் வீட்டம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போக்-ஹி அவர் இறந்த வருஷம் அக்டோபரிலேயே கடையை விற்றுவிட்டு, மகள் எஸ்தரோடு டென்வருக்குப் போய்விட்டாள். அங்கே சபைக்குப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போகிறாள் என்று எஸ்தர் ஃபோனில் சொன்னாள். நான் இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.